அப்பா தொலைந்துபோன மத்தியானம்

அப்பா செத்துப்போனார் என்ற செய்தியை அம்மாவுக்குச் சொன்னது நான்தான். அதையும் பிழையாகச் சொன்னேன்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டின் பின்பக்கத்து இரண்டு அறைகளில் வாடகைக்கு இருந்தோம். முன்பக்கத்தில் வீட்டுக்காரர் குடும்பம். பரம்பரை பரம்பரையாகக் கொழும்பிலேயே இருந்துவரும் முஸ்லிம் ஆட்கள். வீட்டுக்காரரை அம்மாவும் அப்பாவும், அண்ணன் என்ற முறையில், ‘நானா’ என்று கூப்பிடுவார்கள். கேட்டுக் கேட்டு நானும் அப்படியே கூப்பிட்டேன்.

அப்பா மருதானையில் மோட்டார் உதிரிப்பாகக் கடை ஒன்றில் ஸ்டோர் கீப்பர். கலியாணத்துக்கு முதலே கொழும்புக்கு வந்தவர். நாங்கள் யாழ்ப்பாணத்தில் இருந்தோம். வருடத்தில் இரண்டு தரம் லீவு எடுத்து வந்து, ஒரு கிழமை நின்றுவிட்டுப் போவார். பிறகு சண்டையில் பாதை பூட்டுப்பட்டது. வரவு நின்றது. அம்மா ஒருநாள் தன் ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு, ஊரைவிட்டு வெளியேறப் பாஸ் எடுத்து, என்னையும் கூட்டிக்கொண்டு கொழும்புக்கு வந்து சேர்ந்தார். ஆகவே அப்பாவோடு ஒரே வீட்டில் நான் இருந்தது மூன்று வருடம்கூட இல்லை.

அவர் அதிகம் கதைக்காதவர். வேலையால் வந்து குளித்து, தேத்தண்ணி குடித்து, பேப்பரோடு கதிரையில் இருந்தாரென்றால் கேட்ட கேள்விக்கு மட்டும்தான் மறுமொழி வரும். ‘ஓம்.’ ‘பாப்பம்.’ ‘அம்மாட்டைக் கேள்.’ கோபக்காரர் இல்லை. ஆனால் ஒரு விருந்தாளியோடு இருப்பதுபோல எனக்குக் கூச்சமாக இருக்கும். அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

ஒரேயொரு விஷயத்தில் அவருக்கு என்னைப்பற்றிப் பெருமை. நான் சிங்களம் பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டில் என் வயதில் ஒரு சிங்களப் பெண்பிள்ளை இருந்தாள். அவளோடு ஒழுங்கையில் கோடு கீறிக் கெந்தி விளையாடி, சண்டை பிடித்து, ஒரு வருடத்தில் நன்றாகக் கதைக்கத் தொடங்கிவிட்டேன். அப்பா ஒருநாள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “இதெல்லாம் எங்கை பழகினனி?” என்றார். அதற்குப் பிறகு கடைக்குப் போகும்போது என்னைக் கூட்டிக்கொண்டு போய், “நீ கேள்” என்று முன்னால் தள்ளிவிடுவார். அம்மாவுக்கு அந்தத் தேவை வரவில்லை. வெளிவேலை எல்லாம் அப்பா பார்த்தார். ‘எவ்வளவு’, ‘இல்லை’, ‘தெரியாது’ என்பவற்றுக்கு உள்ள சிங்களச் சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு அம்மா வெள்ளவத்தையில் கிட்டத்தட்ட மூன்று வருடம் சமாளித்துவிட்டார்.

பள்ளிக்கூட லீவு நாள் ஒன்று. காலை பத்து, பத்தரை இருக்கும். வீட்டுக்காரரின் மனைவி பின்கதவால் ஓடிவந்தார். அவர்களுடைய ரெலிபோனுக்கு அப்பாவின் கடையிலிருந்து யாரோ எடுத்திருந்தார்கள். “அவர் பஸ்ஸில விழுந்துட்டாராம். கொள்ளுப்பிட்டிக்கிட்டயாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்களாம். நானா பாமன்கடைக்குப் போயிருக்கார், வந்தோடன அனுப்புறேன். நீங்க முன்னுக்குப் போங்க.”

அம்மா சட்டையை மாற்றி ஒரு சேலையைச் சுற்றிக்கொண்டார். ஓட்டோவில் போனோம். வழியில் இரண்டு இடத்தில் மறித்து அம்மாவின் அடையாள அட்டையை, ஐசியை, பார்த்தார்கள். இரண்டாவது இடத்தில் இறங்கி நிற்கச் சொன்னார்கள். “ஆஸ்பத்திரிக்குப் போறம், அப்பா விழுந்திட்டார்” என்று சிங்களத்தில் நான்தான் சொன்னேன். ஆமிக்காரன் கையைக் காட்டிப் போகவிட்டான். அம்மா என் தலையைத் தடவினார். எனக்கு அந்த நேரத்திலும் ஒரு சின்னப் பெருமை. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஆஸ்பத்திரியில் சனம். அம்மா அப்பாவின் பெயரைச் சொல்லிச் சொல்லி ஒவ்வொருவராகக் கேட்டார். ஒருவர் இன்னொருவரைக் காட்டினார். கடைசியில் ஒரு நேர்ஸ் கொப்பியைப் பார்த்தார். பார்த்துவிட்டு அம்மாவிடம் ஏதோ சொன்னார். அம்மாவுக்கு விளங்கவில்லை. நேர்ஸ் சுற்றிப் பார்த்தார். தமிழ் தெரிந்த யாரும் அந்த நேரம் அங்கே இல்லை போல. பிறகு குனிந்து என்னிடம், மகளுக்குச் சிங்களம் விளங்குமா என்று கேட்டார். நான் பலமாகத் தலையாட்டினேன்.

“அனே துவே,” என்றார், ஐயோ மகளே என்று. “தாத்தா நெத்தி உணா.”

சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா. ‘நெத்தி உணா’ எனக்கு நன்றாகத் தெரிந்த சொல். பக்கத்து வீட்டுப் பிள்ளை வாயைத் திறந்தால் அதுதான். அழிறப்பர் நெத்தி உணா. செருப்பு நெத்தி உணா. காணாமல் போய்விட்டது, தொலைந்துவிட்டது.

நேர்ஸ் அம்மாவின் தோளில் கை வைத்தார். அம்மா என்னைப் பார்த்தார். “என்னவாம்?”

“அப்பாவைக் காணேல்லையாம் அம்மா. துலைஞ்சு போனாராம்.”

அந்தக் காலத்தில், வெள்ளவத்தையில் இருந்த ஒரு தமிழ்ப் பெண்ணிடம் ‘உன் புருசனைக் காணவில்லை’ என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. எங்கள் ஒழுங்கையிலேயே ஒரு வீட்டுப் பெடியன் ரியூசனுக்குப் போனவன் திரும்பி வரவில்லை. பஸ்ஸில் பிடித்தார்கள் என்றார்கள், வான் வண்டியில் ஏற்றினார்கள் என்றார்கள். அவனுடைய தாய் அவன் படத்தை வைத்துக்கொண்டு அரசாங்கக் கந்தோர் கந்தோராகத் திரிந்துகொண்டிருந்தார்.

நேர்ஸ் ஒரு நடைபாதைப் பக்கம் கையைக் காட்டி இன்னும் ஏதோ சொல்லத் தொடங்கினார். அதற்குள் அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். “பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள்,” என்றார். “மயங்கிக் கிடந்த மனுசனை ஆஸ்பத்திரியிலை வைச்சுப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள்.”

அப்படித்தான் நாங்கள் ஆஸ்பத்திரியை விட்டுவிட்டு, விசாரித்து விசாரித்து ஒரு பொலிஸ் ஸ்டேசனுக்குப் போனோம்.

அங்கே ஒரு நீள வாங்கில் இருக்கச் சொன்னார்கள். எத்தனை மணித்தியாலம் இருந்தோம் என்று தெரியவில்லை. எனக்குப் பசித்தது, கேட்கப் பயமாக இருந்தது. அம்மாவின் உதடு அசைந்துகொண்டே இருந்தது, தேவாரமாக இருக்கும். சத்தம் வரவில்லை. கடைசியில் ஒரு வயதான பொலிஸ்காரர் மேசைக்குக் கூப்பிட்டார். அம்மா என்னை முன்னால் விட்டார்.

“அபே தாத்தா நெத்தி உணா,” என்றேன்.

பொலிஸ்காரரின் முகம் இளகியது. ஐயோ பாவம் என்றார். எங்கே என்று கேட்டார். ஆஸ்பத்திரியில் என்றேன். எப்போது என்றார். இன்றைக்குக் காலமை என்றேன். அவர் குழம்பிப்போய் அம்மாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாக, சின்னப்பிள்ளைக்கு விளங்கவேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். “மினிய தியென்னே இஸ்பிரிதாலே நே. எஹெட்ட யன்ன.”

மினிஹா என்றால் மனிதன். ஆள் ஆஸ்பத்திரியில்தானே, அங்கே போங்கள் என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அவர் மினிஹா என்று சொல்லவில்லை. மினிய என்றார். மினிய என்றால் பிணம். அந்தச் சொல்லை நான் அதுவரை கேட்டதில்லை. இன்னொன்றும் உண்டு. சிங்களத்தில் உயிரோடு இருக்கும் ஒன்றுக்கு ‘இன்னவா’ என்பார்கள், உயிரில்லாததற்கு ‘தியெனவா’. மேசை தியெனவா, புத்தகம் தியெனவா. இது எனக்குத் தெரிந்த விஷயம். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஆயிரம் தரம் திருத்தியது. அன்றைக்கு மட்டும் காதில் விழவில்லை.

“அம்மா, அப்பா ஆஸ்பத்திரியிலைதானாம்! அங்கை போகட்டாம்!”

அம்மா அந்தப் பொலிஸ்காரரைப் பார்த்துக் கைகூப்பினார். அவர் எழுந்து நின்று தலைகுனிந்தார்.

திரும்பி நடந்தோம். நல்ல வெயில். அம்மா வேகமாக நடந்தார், நான் ஓடினேன். ஆஸ்பத்திரி வாசலில் பழக்கடைகள் இருந்தன. அம்மா நின்று இரண்டு தோடம்பழம் வாங்கினார். “மயக்கம் தெளிஞ்சால் கேப்பார்,” என்றார்.

நானா வாசலில் நின்றார். எங்களைத் தேடித் தேடிச் சட்டை முழுக்க வியர்வை. அம்மாவின் கையில் இருந்த பழங்களைக் கண்டார். “எங்க போனீங்க தங்கச்சி?” என்று கேட்டார். அம்மா, “இவரைக் காணேல்லை எண்டாங்கள், பொலிசுக்குப் போனனாங்கள், இப்ப இஞ்சைதானாம்...” என்று மூச்சு வாங்க வாங்கச் சொன்னார். நானா என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்து, “அவர் மௌத்தாகிட்டார் தங்கச்சி. காலையிலேயே. கொண்டு வரக்குள்ளேயே முடிஞ்சுட்டாம்,” என்றார்.

அம்மா கீழே விழவில்லை. கத்தவில்லை. பழப் பையை என்னிடம் தந்துவிட்டு, சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு, “எங்கை கிடக்கிறார்?” என்று கேட்டார்.

கொட்டாஞ்சேனையில் அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் இருந்தார். அவர் வந்து கொள்ளி வைத்தார். யாழ்ப்பாணத்திலிருந்து யாரும் வர முடியவில்லை. செத்தவீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் முதல் கேட்டது ஒன்றுதான். ‘எங்கை வைச்சு? குண்டோ?’ இல்லை, நெஞ்சு வருத்தம் என்று சித்தப்பா சொல்லுவார். கேட்டவர்களின் முகத்தில் ஒரு சின்ன ஆறுதல் வந்து போகும். எனக்கு அது பிடிக்கவில்லை. எப்படிச் செத்தாலும் அப்பா இல்லைத்தானே.

காரியங்கள் முடிந்து சில நாட்களுக்குப் பிறகு பக்கத்து வீட்டுப் பிள்ளை வேலியடிக்கு வந்தாள். தன்னுடைய தாயின் தகப்பனும் போன வருடம் ‘நெத்தி உணா’ என்றாள்.

“பிறகு கண்டுபிடிச்சிட்டீங்களா?” என்று கேட்டேன்.

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். “செத்துப்போனார்,” என்றாள், வேறு சொல்லில். “செத்தால் நெத்தி உணா என்றுதானே சொல்லுறது.”

வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நேர்ஸ் சொன்னது, பொலிஸ்காரர் எழுந்து நின்றது, அம்மா தோடம்பழம் வாங்கியது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. அப்பா ஆஸ்பத்திரியில் தனியாகக் கிடந்த நேரம் முழுக்க நான் அம்மாவைத் தெருத்தெருவாக அலைய வைத்திருக்கிறேன். அம்மாவை நம்பவைத்து, பழம் வாங்க வைத்து, வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு நான் சிங்களம் கதைக்கவில்லை. வீம்பு இல்லை. வாயைத் திறந்தால் எந்தச் சொல் என்ன அர்த்தத்தில் போய் விழுமோ என்ற பயம். பக்கத்து வீட்டுப் பிள்ளை கூப்பிட்டால் தலையாட்டுவேன், போகமாட்டேன். சில மாதத்தில் அவள் கூப்பிடுவதை விட்டுவிட்டாள். பள்ளிக்கூடத்தில் சிங்களப் பாடச் சோதனையில் பெயரை மட்டும் எழுதி வெறும் தாளைக் கொடுத்தேன். ரீச்சர் அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா வீட்டுக்கு வந்து ஒன்றும் கேட்கவில்லை. அவர் பின்னேரங்களில் ஒழுங்கைப் பிள்ளைகளுக்குக் கணக்கு ரியூசன் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியிருந்தார். பிள்ளைகள் போனபிறகு கரும்பலகையை அழிக்காமல் அதற்கு முன்னாலேயே இருப்பார். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் நேராகப் பார்ப்பதைத் தவிர்த்தோம். அம்மா என்மேல் கோபமாக இருக்கிறார் என்று நான் நினைத்தேன். நியாயமான கோபம் என்றும் நினைத்தேன்.

இப்படி எட்டு மாதம் போனது.

ஒருநாள் காலை, விடிந்து கொஞ்ச நேரம், ஒழுங்கையைச் சுற்றி வளைத்தார்கள். நகரத்தில் எங்கேயோ குண்டு வெடித்து இரண்டு நாள். இப்படி வருவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். தமிழ் ஆட்களை வீட்டுக்கு வெளியே வரச்சொல்லி, ஐசியையும் பொலிஸ் பதிவையும் பார்த்தார்கள். கொழும்பில் நாங்கள் எங்கே இருக்கிறோம், வீட்டில் எத்தனை பேர் என்பதைப் பொலிசில் பதிந்து வைத்திருக்கவேண்டும். எங்கள் படிவம் அப்பா நிரப்பியது. அதில் மூன்று பெயர் இருந்தது. அப்பாவின் பெயரை வெட்டுவிக்க அம்மா போகவேயில்லை. போய் என்ன சொல்லுவது, யாரைக் கொண்டு சொல்லுவிப்பது?

பொலிஸ் அதிகாரி படிவத்தைப் பார்த்தார். இளம் ஆள், நித்திரையில்லாத கண். இந்த மஹத்தயா, இந்த ஐயா, எங்கே என்று கேட்டார்.

அம்மா, “நெஹே,” என்றார். இல்லை.

எங்கே போனார்?

“தன்னே நே.” தெரியாது.

எப்போது வருவார்?

“தன்னே நே.”

அம்மாவுக்குக் கேள்விகள் விளங்கவில்லை. தெரிந்த சொல்லைச் சொன்னார். வீட்டில் ஒரு ஆம்பிளை பதிவில் இருக்கிறார், ஆள் இல்லை, எங்கே என்று பெண்சாதிக்கே தெரியாது. அந்தக் காலை வேளையில் அது அந்த அதிகாரிக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நானாவின் மனைவி தாய்வீட்டுக்குப் போயிருந்தார். நானா விடியச் சுபஹுத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போனவர் இன்னும் திரும்பவில்லை. ஒழுங்கையை மறித்திருந்ததால் வரமுடியாமல் அங்கேயே நின்றிருக்கிறார். அதிகாரி கையைக் காட்டினார். ஒரு பெண் பொலிஸ் அம்மாவின் முழங்கையைப் பிடித்து ட்ரக்கடிக்குக் கொண்டு போனார். அதில் ஏற்கனவே ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அம்மா திரும்பி என்னைப் பார்த்து, “பிள்ளை, நானா வந்தவுடனை சித்தப்பாக்குப் போன் எடுக்கச் சொல்லு. கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளை இரு,” என்றார். என்னிடம் அவர் உதவி கேட்கவில்லை. ஒரு சொல் சிங்களத்தில் சொல்லு என்று கேட்கவில்லை. அதுதான் என்னை உலுப்பியது.

அம்மா ட்ரக்கின் படியில் கால் வைத்துவிட்டார்.

“மெருணா!” என்று கத்தினேன். “அபே தாத்தா மெருணா!”

மெருணா என்றால் செத்துப்போனது. பெரியவர்களுக்கு யாரும் சொல்லுகிற சொல் இல்லை. நாய் செத்தால், எலி செத்தால் சொல்லுவார்கள். ஆனால் அதற்கு ஒரு அர்த்தம்தான் இருந்தது. அதனால்தான் அதை எடுத்தேன். எட்டு மாதமாகத் தமிழில்கூட அந்தச் சொல்லை நான் அப்பாவோடு சேர்த்துச் சொன்னதில்லை.

எல்லாரும் திரும்பினார்கள். அதிகாரி என்னிடம் வந்தார். நான் நிறுத்தாமல் சொன்னேன். பஸ்ஸில் விழுந்தார், நெஞ்சு வருத்தம், இத்தனை மாதம், அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது, மரணச் சேர்டிபிக்கட் வீட்டில் இருக்கிறது. எங்கேயோ பிழை விட்டிருப்பேன், கவனிக்கவில்லை. எடுத்துவா என்றார். ஓடினேன். அலுமாரியில் அப்பாவின் சேர்ட்டுகளுக்கு அடியில் இருந்தது. கொண்டுவந்து கொடுத்தேன்.

அவர் மேலிருந்து கீழே வாசித்தார். வயது எழுதியிருந்த இடத்தில் அவருடைய விரல் நின்றது. “நாற்பத்தாறு,” என்றார், யாருக்கும் இல்லாமல். பேனையை எடுத்துப் படிவத்தில் அப்பாவின் பெயரை ஒரு கோட்டால் வெட்டி, பக்கத்தில் கையெழுத்து வைத்தார். ஸ்டேசனுக்கு வந்து ஒழுங்காகப் பதியவேண்டும் என்றார். அம்மாவை இறங்கவிடச் சொன்னார். மற்றவர்களோடு ட்ரக் போனது. அவர்களில் ஒரு அக்கா மூன்று கிழமைக்குப் பிறகுதான் வீட்டுக்கு வந்தார்.

அன்றைக்குப் பள்ளிக்கூடம் போகவில்லை. அம்மா தேத்தண்ணி வைத்துவிட்டு அடுப்படியில் நிலத்தில் இருந்தார். நான் வாசற்படியில் நின்று அழத் தொடங்கினேன். செத்தவீட்டிலும் அப்படி அழவில்லை.

“நான்தான் பிழையாச் சொன்னனான்,” என்றேன். “அவ அண்டைக்கு அப்பா செத்துப்போனார் எண்டுதான் சொன்னவ. நான்தான் துலைஞ்சு போனார் எண்டு சொல்லி உங்களை அலைக்கழிச்சனான்.”

அம்மாவுக்கு முதலில் நான் எதைப்பற்றிச் சொல்கிறேன் என்றே பிடிபடவில்லை. “எவ? எண்டைக்கு?” என்றார். நான் அந்தச் சொல்லைச் சொன்னேன். அதற்கு இரண்டு அர்த்தம் என்றேன். வேலியடியில் தெரிந்துகொண்டதைச் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். அவருடைய முகம் மாறிக்கொண்டு வந்தது.

“இதையே இவ்வளவு நாளும் வைச்சுக்கொண்டு திரிஞ்சனி?”

நான் தலையாட்டினேன்.

“இஞ்சை வா. இரு.” பக்கத்தில் இருந்தேன். அம்மா என்னைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “எனக்கு விளங்கினது பிள்ளை. அவ என்ரை தோளிலை கை வைச்சவுடனையே விளங்கிட்டுது. அந்தக் கை எனக்கு என்னத்துக்கெண்டு தெரியும். பாசை தேவையில்லை. நீ துலைஞ்சு போனார் எண்டாய். அதைப் பிடிச்சுக்கொண்டன். அவ அங்காலை கையைக் காட்டினா. அங்கை போனால் அவரைப் பாக்கவேணும். நான் உன்னை இழுத்துக்கொண்டு மற்றப் பக்கம் ஓடினனான். நீ இல்லை. நான்.”

“தோடம்பழம் வாங்கினீங்கள்.”

“ஓம். வாங்கினால் அவர் இருப்பார் எண்டு நினைச்சன். கணக்கு ரீச்சரின்ரை கணக்கு.” சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. “பதினொரு வயசுப் பிள்ளையைப் பொலிசுக்கு முன்னாலை நிப்பாட்டி அதைக் கேக்க வைச்சது நான். அந்த வெக்கத்திலைதான் உன்ரை முகத்தைப் பாக்கேலாமல் இருந்தனான். நீ அதாலைதான் சிங்களம் கதைக்கிறேல்லை எண்டு நினைச்சன். என்னோடை கோவம் எண்டு.”

தேத்தண்ணி ஆறிப்போனது. நாங்கள் அதைக் குடித்தோம். துக்கம் குறைந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். அப்பா இல்லாதது அப்படியே இருந்தது. ஆனால் அதை இரண்டு பேராகத் தூக்கலாம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்த கிழமை அம்மா ரியூசன் முடிந்து கரும்பலகையை அழித்துவிட்டு, சோக்கட்டியை என்னிடம் நீட்டினார். “எழுது. எனக்குப் பொலிசிலை போய் என்ரை வாயாலை சொல்லவேணும்.” நான் சிங்களத்தைத் தமிழ் எழுத்தில் எழுதினேன். அம்மா ஐந்து நிமிடத்தில் பாடமாக்கினார், ஆனால் உச்சரிப்பு யாழ்ப்பாணத்தை விட்டு அசையவில்லை. பொலிசில் இருந்தவர் இரண்டு தரம் கேட்டு, மூன்றாம் தரம் விளங்கிக்கொண்டு, புதிய படிவத்தில் இரண்டு பெயர் எழுதினார். பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் நானாகவே போனேன். அவள் முதலில் முகத்தைத் திருப்பினாள். நான் கோட்டைக் கீறிவிட்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் வந்தாள்.

அந்த வருட முடிவில், அப்பாவின் கடையிலிருந்து மறுபடியும் போன் வந்தது. அவருடைய சாமான்கள் ஒரு பெட்டியில் இருக்கின்றனவாம். முன்பும் இரண்டு தரம் சொல்லியனுப்பியிருந்தார்கள், அம்மா போகவில்லை. இந்த முறை, “சனிக்கிழமை வாறம் எண்டு சொல்லு,” என்றார்.

மருதானையில் அந்தக் கடை ஒரு நீளமான இருட்டுக் கடை. கிறீஸ் மணம். நான் அதற்கு முன் அங்கே போனதில்லை. வேலை செய்த மூன்று பேரும் சிங்கள ஆட்கள். அம்மாவைக் கண்டதும் எழுந்து, ஒரு கதிரையைத் துணியால் துடைத்து வைத்தார்கள். சோடா உடைத்துத் தந்தார்கள். பெட்டியில் ஒரு கண்ணாடி, குடை, சாப்பாட்டுக் கரியர், ஒரு பழைய சேர்ட். அம்மா சேர்ட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

அவர்களில் வயதான ஒருவர் என்னைப் பார்த்து, உன் அப்பா இல்லாமல் கடை செத்துப்போச்சு மகளே, எங்களைச் சிரிக்கவைக்க ஆளில்லை என்றார்.

நான் பிழையாக விளங்கிவிட்டேனோ என்று மறுபடி கேட்டேன். பிழையில்லை. மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். வருகிற வாடிக்கையாளர் ஒவ்வொருவரையும்போல அப்பா நடித்துக் காட்டுவாராம். முதலாளி ரெலிபோனில் கதைப்பதுபோலக் கதைத்து, முதலாளியின் மகனையே ஒருதரம் ஏமாற்றியிருக்கிறார். சாமான் தேடி லாச்சிகளை இழுத்துத் திறக்கும்போது ஒவ்வொரு லாச்சியோடும் சண்டை பிடிப்பாராம். ஒருவர் எழுந்து, அப்பா எப்படிச் சண்டை பிடிப்பார் என்று செய்து காட்டினார். மூன்று பேரும் சிரித்தார்கள், பிறகு ஒருவர் கண்ணைத் துடைத்தார்.

“என்னவாம்?” என்றார் அம்மா.

நான் சொல்லத் தொடங்கினேன். ஒவ்வொரு சொல்லாக, விளங்காத இடத்தில் நிறுத்தி அவர்களிடம் திருப்பிக் கேட்டு, அம்மாவிடம் சொன்னேன். அம்மாவின் கண் பெரிதாகிக்கொண்டே போனது.

“ஆர், இவரோ? எங்கடை இவரோ?”

“ஓம் அம்மா. லாச்சியோடையாம்.”

அம்மா சேர்ட்டால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து நான் நிறுத்தினேன். அம்மா கையை எடுத்தபோது சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. நான் அம்மா சிரித்துப் பார்த்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

“கேள் பிள்ளை,” என்றார். “இன்னும் என்ன செய்வாராம் எண்டு கேள்.”

நான் அந்த வயதானவர் பக்கம் திரும்பிக் கேட்டேன். அவர் கதிரையை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டு அமர்ந்தார்.